தூணுக்கு அந்தப் பக்கம்

அவசர சிகிச்சைக் கூடத்தில் வேலை பார்த்த அந்த டாக்டர் எந்தச் சினிமாவையும் கடைசிவரை பார்த்ததில்லை. வில்லன் மாட்டிக்கொள்ளப் போகிற நேரத்தில் எழுந்துவிடுவார். வெளியே வண்டி எடுக்கும் இடத்தில் நெரிசலாகிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். விருந்துகளிலும் அப்படித்தான், எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்கும்போது இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

"கொலை பண்ணினது யாருன்னு தெரியாமலே இத்தனை படம் பாத்த மனுஷன் உலகத்துல இவரு ஒருத்தர்தான்," என்பார் அவர் மனைவி.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை வராத கணக்கை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகத் தெரியாதவர். இப்படிப்பட்ட இருவரும் பெரிய சண்டை இல்லாமல் வாழ்ந்ததற்குக் காரணம், அவர் பாதியில் விடுகிற பேச்சையெல்லாம் டீச்சர் முடித்துவைத்ததுதான்.

டாக்டருக்கு முதலில் அறுவை சிகிச்சை நிபுணர் ஆகத்தான் ஆசை. உள்ளங்கை வியர்த்தது, கையுறைக்குள் குளம் கட்டியது, ஆசை அத்தோடு போயிற்று. கிடைத்தது அவசர சிகிச்சை. வந்து பார்த்தால் சட்டை தைத்தாற்போல் பொருந்தியது. இங்கே வருகிறவர்கள் சில மணி நேரம் இருப்பார்கள். ரத்தத்தை நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, ஒரு ஊசி போட்டு மாடிக்கு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மாடியில் பிழைத்தார்களா, வீட்டுக்குப் போனார்களா, வேறெங்காவது போனார்களா என்பது மாடியின் கவலை. ஆயிரக்கணக்கான உயிர்களைத் தொட்டவர் அவர். அதில் முக்கால்வாசிப் பேருக்குக் கடைசியில் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது. நிம்மதியாகத் தூங்கினார்.

மருத்துவமனையில் அவருக்குத் தரகர் என்று பட்டப்பெயர். வீட்டுத் தரகர் ஒழுகுகிற வீட்டை வெயில் காலத்தில் காட்டுவது போல, நோயாளியை மாடிக்காரர்களின் தலையில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர்.

கட்டித்தான் ஆகவேண்டும். அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறை அப்படி. கீழே கூடம், மேலே வார்டு, நடுவில் ஒரு டெலிபோன். கூடத்து டாக்டர் போன் செய்து நோயாளியைப் பற்றிச் சொல்லவேண்டும். வார்டு டாக்டர் கேட்டுவிட்டு 'சரி' என்றால்தான் மேலே கட்டில். என்ன வியாதி என்று பெயர் சொல்லாமல் யாரும் 'சரி' வாங்கியதில்லை. அதாவது, இன்னது என்று தெரிந்துபோன ஆளுக்கு உடனே கட்டில், என்னவென்றே தெரியாமல் துடிக்கிற ஆளுக்கு, தெரிகிறவரை பெஞ்சு. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் எந்த விசித்திரமும் தென்பட்டதில்லை. தரகருக்கு மட்டும் தென்பட்டது, அவர் அதைத் திருத்தப் போகவில்லை. எல்லோருக்கும் ஒரு பெயர் சூட்டக் கற்றுக்கொண்டார்.

மறுமுனையில் பெரும்பாலும் இருந்தவர் பொது மருத்துவ வார்டின் பெண் டாக்டர். கீழே இருப்பவர்கள் அவரை மாடியம்மா என்பார்கள். குள்ளமான உருவம், மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பவர், தன் வார்டில் இருக்கும் ஒவ்வொருவரின் நாடித்துடிப்பையும் தன் சொந்த விஷயமாக நினைப்பவர். அப்படி நினைப்பதாலேயே புதிதாக ஒருவரை உள்ளே விடுவதற்கு அவருக்கு மனசே வராது.

"மேடம், ஒரு நல்ல கேஸ்."

"நீங்க நல்ல கேஸுன்னு சொன்னாலே எனக்குச் சந்தேகம் வந்துடுது."

"நிமோனியா மேடம். எக்ஸ்ரேயை ஃபிரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவு லட்சணம். தானா நடந்து வந்தாரு. சத்தம் போடாத மனுஷன். கூட மூணு பொண்ணுங்க, கவனிச்சுக்க ஆள் இருக்கு."

"சர்க்கரை இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"நமக்கே கொஞ்சம் இருக்கே மேடம்."

"அனுப்புங்க. ஆனா போன தடவை மாதிரி என் தலையில கட்டினீங்கன்னா பாருங்க."

"நான் எப்ப மேடம் கட்டியிருக்கேன்?"

"எப்ப கட்டல?"

'சரி' கிடைத்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். கூடத்தின் நடுவில் ஒரு தடித்த தூண். தூணுக்கு இந்தப் பக்கம் கூடத்து நோயாளிகள். அந்தப் பக்கம், குடிநீர்க் குழாய்க்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில், சுவரோரமாக ஒரு வரிசைக் கட்டில். மாடி எடுத்துக்கொண்ட நோயாளியை உடனே தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். மேலே யாராவது வீட்டுக்குப் போய், விரிப்பு மாற்றி, லிஃப்டும் மனது வைத்த பிறகுதான் மேலே ஏற்றுவார்கள். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் பொழுதே சாய்ந்துவிடும்.

தூணைத் தாண்டியவர்களைக் கூடத்து டாக்டர்கள் தொடமாட்டார்கள். இது கருணையின்மையால் வந்த வழக்கமல்ல, மரியாதையால் வந்தது. எப்போதோ ஒரு கூடத்து டாக்டர், அந்தப் பக்கம் கிடந்த ஒருவரின் மருந்தை மாற்றப்போக, "என் பேஷண்ட்ல கை வைக்க நீங்க யாரு?" என்று மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து சத்தம் போட்டாராம். அன்றிலிருந்து அடுத்தவர் நோயாளியில் தலையிடக்கூடாது என்பது நாகரிகமாயிற்று. மாடி டாக்டர்களோ தங்கள் கட்டிலுக்கு வந்து சேராதவரைத் தங்கள் நோயாளியாகப் பார்ப்பதில்லை. அதுவும் நாகரிகம்தான். இரண்டு நாகரிகங்களுக்கும் நடுவில், அந்தரத்தில், தினமும் நாலைந்து பேர் மல்லாந்து கிடந்தார்கள்.

ஒருநாள் மதியம் ஒரு டவுன் பஸ் டிரைவர் வந்தார். சீருடைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி, பயணிகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மனைவிக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். மனைவி அவருக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்.

"எப்படி வலிக்குது?" என்றார் தரகர்.

"கியர் சரியா விழாதப்ப பெட்டிக்குள்ள ஒரு கரகரப்பு வரும் பாருங்க சார், அந்த மாதிரி. ஆனா உள்ள."

"பீடி, சிகரெட்?"

"விட்டுட்டேன் சார்."

"எப்ப?"

"ஆட்டோவுல ஏறுறப்ப."

மனைவி முறைத்தார். டிரைவர் வலியோடு சிரித்தார். சிறுநீரகக் கல் என்பதற்கான அத்தனை அடையாளமும் இருந்தது. தரகர் வயிற்றில் கை வைத்து அழுத்தினார். தொப்புளுக்கு மேலே, கைக்கு அடியில், ஏதோ ஒன்று துடித்தது. ஒல்லியான ஆட்களுக்கு வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் கைக்குத் தட்டுப்படும். டிரைவர் ஒல்லி இல்லை. அந்தக் குழாய் வீங்கி, எங்கேயோ மெல்லக் கசிந்தாலும் விலாவுக்குக் கீழே இதே வலிதான் வரும். கை ஒரு கணம் அங்கேயே நின்றது.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கீழே இருந்த ஸ்கேன் மெஷின் பழுதாகி, துணி போர்த்திக் கிடந்தது. மேலே இருக்கும் மெஷினில் வார்டு நோயாளிகளுக்கு மட்டும்தான் எடுப்பார்கள். வார்டு நோயாளி ஆகவேண்டுமானால் 'சரி' வேண்டும். ரத்தக்குழாயாக இருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றால், முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். ஆக, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி, சந்தேகத்தை மறைப்பது. இந்த மாதிரிச் சிக்கலில் அவர் நூறு முறை புகுந்து வெளியே வந்தவர். போனை எடுத்தார்.

"மேடம், கல்லு. பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரி கல்லு. ஊசி போட்டாச்சு, டிரிப் ஓடுது. ஒரு ஸ்கேன் மட்டும் மேல எடுத்துக்கலாம்."

"பி.பி.?"

"கொஞ்சம் கம்மி. வலி ஊசிக்கு அப்படித்தான் இருக்கும்."

"வேற ஏதாச்சும் இருக்கா? மறைக்காம சொல்லுங்க."

"வேற என்ன மேடம்? டிரைவரு. ஜோக்கெல்லாம் அடிக்கிறாரு."

"சரி. கட்டில் காலியானதும் வரச்சொல்றேன்."

டிரைவரைத் தூணுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். மேலே போனதும் ஸ்கேன் எடுப்பார்கள், எடுத்தால் தெரிந்துவிடும் என்று தரகர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்து ஒரு சாலை விபத்து வந்தது, அதற்கு அடுத்து மூச்சுத் திணறலோடு ஒரு கிழவர்.

மேலே கட்டில் காலியாகவில்லை. வீட்டுக்குப் போகவேண்டியவரின் மகன் அலுவலகத்திலிருந்து வந்து சேரவில்லை என்பதால் அவரும் போகவில்லை. டிரைவர், தூணைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்த தரகரைக் கூப்பிட்டார்.

"சார், வலி இப்ப தொடைக்கு இறங்குது."

"உங்களை மாடி டாக்டர் எடுத்துக்கிட்டாங்க. மேல போனதும் சொல்லுங்க, பாப்பாங்க," என்று நடந்துகொண்டே சொன்னார் தரகர்.

டிரைவரின் மனைவி படியேறி வார்டுக்குப் போனார். மாடியம்மா யாருக்கோ நெஞ்சுச் சளி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கீழ எங்க வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊத்துது. வந்து பாக்கணும்."

"கீழ டாக்டர் இருக்காரேம்மா. இங்க வந்து சேர்ற வரைக்கும் அவருதான் பாக்கணும். போய்ச் சொல்லுங்க, பாப்பாரு."

கீழே வந்து சொன்னார். மாடியிலதான் கேக்கணும் என்றார்கள். மறுபடி ஏறினார். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்பதால் ஒவ்வொரு முறையும் படிதான். இரண்டு டாக்டர்களுக்கும் இடையே அன்று உண்மையில் நடந்த ஒரே தொடர்பு அந்தப் பெண்ணின் முழங்கால்கள் வழியாகத்தான் நடந்தது.

கட்டில் காலியாகி, ஸ்டிரெச்சர் தள்ளும் ஊழியர் அழைத்துப் போக வந்தபோது டிரைவர் வெளுத்துப்போய்க் கிடந்தார். அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். தரகர் தூணைத் தாண்டி ஓடினார். மாடியம்மா படியிறங்கி ஓடிவந்தார். இரண்டு பேரும் ஒரே நோயாளியின் இரண்டு பக்கமும் நின்று ஒன்றாக வேலை பார்த்தது அதுவே முதல் முறை. மிக நன்றாகவே பார்த்தார்கள். ஒருவர் நீட்டுவதற்கு முன்பே மற்றவர் எடுத்தார். ஆனால் டிரைவரின் வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்து, பிழைக்கவைப்பதற்கு அங்கே உயிர் இல்லாமல் போயிருந்தது.

தரகர் அன்று சீக்கிரம் கிளம்பவில்லை. கிளம்ப முடியவில்லை.

விசாரணை நடந்தது. இரண்டு டாக்டர்களும் எழுதிக்கொடுத்தார்கள். கீழ்த் தளம் சொன்னது: நோயாளியை மாடி ஏற்றுக்கொண்டுவிட்டது. மேல் தளம் சொன்னது: நோயாளி எங்களிடம் வந்து சேரவே இல்லை. இரண்டுமே உண்மை. உண்மைகள் இப்படி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதில் நிம்மதியடைந்த ஒரே ஆள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். 'தனிநபர் தவறு எதுவுமில்லை, நோயாளி கைமாறும் முறையில் ஓர் இடைவெளி' என்று முடிவெழுதினார். இடைவெளியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யமுடியாது. அதற்கு மனைவி மக்கள் கிடையாது, சங்கம் கிடையாது, பத்திரிகையில் போட முகம் கிடையாது.

இடைவெளியை மூட வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். டாக்டர்களை வரிசையாக நிறுத்தி, தொடர் ஓட்டக்காரர்கள் போல ஒரு மரக்குச்சியைக் கைமாற்றச் சொன்னார். "குச்சிதான் நோயாளி. அடுத்தவர் கை இறுகப் பிடிக்கிற வரைக்கும் நீங்க விடக்கூடாது!" நரைத்த தலைகள் வெட்கத்தோடு ஓடின. தரகர் கொடுத்தார், மாடியம்மா வாங்கினார், உள்ளங்கை வியர்வையில் வழுக்கிக் குச்சி கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. யாரோ சிரித்துவிட்டார்கள். மாடியம்மா குனிந்து, புடவையைப் பிடித்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் போய் அதை எடுத்துவந்து தரகர் கையில் வைத்தார்.

"மறுபடி கொடுங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விந்தை என்னவென்றால், அந்தக் கூத்திலிருந்து நல்லது ஒன்று முளைத்தது. ஒரு புது விதி. எழுதியது மாடியம்மா. போனில் 'சரி' சொல்வது செல்லாது. வார்டு டாக்டர் கீழே இறங்கி வந்து, கூடத்து டாக்டரும் நோயாளியும் முன்னால் இருக்க, நோயாளியைத் தொட்டுப் பார்க்கவேண்டும். தொடும்வரை அவர் கூடத்து நோயாளி, தொட்ட பிறகு எங்கே கிடந்தாலும் வார்டு நோயாளி. கூடத்து டாக்டர் தனக்குத் தெரிந்ததை மட்டுமல்ல, தெரியாததையும் சொல்லவேண்டும். தூணுக்கு அந்தப் பக்க வரிசையை எடுத்துவிடவேண்டும். மற்ற வார்டு டாக்டர்கள், "இது என்ன, ஓடிப்பிடிச்சு விளையாட்டா?" என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் கண்காணிப்பாளர் தலையாட்டினார். இடைவெளி என்று எழுதிவிட்டதால் எதையாவது வைத்து அதை அடைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு. கடைசிக் கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு டிரைவரின் மனைவியையும் வரச்சொல்லியிருந்தார்கள். காரணம், அவர் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. அழவில்லை, திட்டவில்லை, எதுவும் வேண்டும் என்று கேட்கவில்லை. வருவார், கண்காணிப்பாளர் அறைக்கு வெளியே உட்காருவார், கூப்பிட்டால் உள்ளே போய் ஒரே கேள்வியைக் கேட்பார். "கடைசியா அவரு யாரோட நோயாளி?" அதற்குக் கிடைத்த பதில்களில் எல்லாம் இடைவெளி இருந்தது, ஆள் இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் தரகர் வீட்டில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்தம்மா கேட்டா என்ன சொல்லப்போறீங்க?"

"கேள்வியே தப்பு. அந்த நேரத்துல அவரு ரெண்டு பேருக்கும் நடுவுல..."

அவர் பாதியில் நிறுத்தினார். வழக்கமாக டீச்சர் முடித்துவைக்கிற இடம். டீச்சர் முடிக்கவில்லை. சிவப்பு மையால் ஒரு கணக்கைச் சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

"சொல்லேன்," என்றார் தரகர்.

"நீங்களே முடிங்க."

"நடுவுல இருந்தாரு. அவ்வளவுதான்."

"நடுவுலன்னா ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியா, இல்ல யாருக்குமே இல்லையா?"

"உனக்கு எல்லாமே கணக்கு."

"கணக்கா இருந்தா முட்டை போட்டுட்டுப் போயிருப்பேன்," என்றார் டீச்சர்.

மறுநாள் கூட்டத்தில் நீள மேஜை. டிரைவரின் மனைவிக்குக் கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரப்போகிற புது விதியைப் பற்றி விளக்கினார். இனிமேல் யாருக்கும் இப்படி நடக்காது என்றார். உங்கள் கணவர் உயிர் வீண்போகவில்லை என்றுகூடச் சொன்னார்.

"நல்லதுங்க," என்றார் அவர். "கடைசியா அவரு யாரோட நோயாளி?"

"அம்மா, நாங்க சொன்னோமே. இதுல தனிப்பட்ட ஆளுன்னு..."

"நான் யாரையும் தண்டிக்கச் சொல்லலீங்க. ஜெயில்ல போடச் சொல்லல. அன்னைக்கு நான் மேல போனா கீழங்கிறாங்க, கீழ வந்தா மேலங்கிறாங்க. அவரு என்கிட்ட, 'யாருகிட்டதான்டி சொல்லணும்?'னு கேட்டாரு. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, இதோ வந்துடுவாங்கன்னேன். அவருக்குப் பதில் சொல்லாமலே அனுப்பிட்டேன். அதான் கேக்கறேன்."

மாடியம்மா மேஜையில் ஒரு கீறலை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப்போவது போல் அவர் உதடு பிரிந்தது. அதற்குள் தரகர் பேசிவிட்டார்.

"என்னோட. என்னோட நோயாளிதாம்மா."

கண்காணிப்பாளர், "டாக்டர், உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார்.

"இல்ல சார். வயித்துல கை வச்சப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. கல்லு இல்லியோ, ரத்தக்குழாயோன்னு. மேடம்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா எடுத்துக்கமாட்டாங்கன்னு சொல்லல. மேடம் கேட்டாங்க, வேற ஏதாச்சும் இருக்கான்னு. ஜோக் அடிக்கிறாருன்னு சொன்னேன்."

மாடியம்மாவின் நகம் நின்றது. இது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

டிரைவரின் மனைவி தரகரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தரகருக்கு எளிதாக இருந்திருக்கும்.

"உங்க நோயாளின்னா," என்றார், "கூப்பிட்டப்ப ஏன் வரல?"

எதிர்முனையில் யார் இருந்தாலும் பேசிச் சரிக்கட்டத் தெரிந்தவர் அந்த மனிதர். எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை அழகாகப் பெயர் வைத்தவர். மேஜையில் இருந்தவர்கள் எல்லோரும் அன்று அவருக்காக ஒரு வாக்கியத்தைத் தேடியது போல இருந்தது, யாரிடமும் கிடைக்கவில்லை. டிரைவரின் மனைவி எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கண்காணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் நல்லபடியா முடிய இருந்துச்சே சார்," என்றார், நிஜமான வருத்தத்தோடு.

அப்புறம் நடந்ததில் தர்க்கப் பிழை எதுவும் கிடையாது. இடைவெளியால் நடந்தது என்றிருந்தவரை இடைவெளியை அடைக்கவேண்டியிருந்தது. ஒரு மனிதரால் நடந்தது என்று அந்த மனிதரே சொல்லிவிட்ட பிறகு, முறையில் என்ன குறை? மனிதரை நகர்த்தினால் போதும். மாடியம்மா எழுதிய விதி கையெழுத்தாகவில்லை, 'தற்போது தேவை எழவில்லை' என்று மடித்து வைத்தார்கள். தூணுக்கு அந்தப் பக்க வரிசை அப்படியே இருந்தது. வசதிக்காக ஒரு மின்விசிறி மட்டும் மாட்டினார்கள். தரகரை உடல்தகுதிச் சான்றிதழ் கொடுக்கிற அறைக்கு மாற்றினார்கள். வாகன உரிமம் புதுப்பிக்கிறவர்கள், வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லாம் வருகிற அறை. எந்த அவசரமும் இல்லாத ஒரே அறை.

மாடியம்மா ஒருநாள் அங்கே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க உண்மையைச் சொல்லி என் விதியைக் கொன்னுட்டீங்க, தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்ல. சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

"ஒரு பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா கையெழுத்தாகியிருக்கும். எத்தனை பேருக்கு ஆகியிருக்கும்!"

"ஆமா."

"ஆமாவாம்." ஜன்னலைப் பார்த்தார். "என்கிட்டயும்தான் அந்தம்மா மேல வந்து கேட்டாங்க. நானும்தான் கீழ அனுப்பினேன். அன்னைக்கு நீங்க முந்திக்கிட்டீங்க. இல்லேன்னா நான் சொல்லியிருப்பேன்."

தரகர் அவரைப் பார்த்தார்.

"சொல்லியிருப்பேனான்னு தெரியல," என்றார் மாடியம்மா. "அதைத் தெரிஞ்சுக்கிற வழியையும் எடுத்துக்கிட்டீங்க."

இப்போது மாடியம்மா அந்த விதி இல்லாமலே தினமும் கீழே இறங்கி வருகிறார் என்று பேச்சு. தூணுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாராம். அதனால் மேலே அவருடைய வார்டில் எல்லாமே தாமதமாகிறது, மேலே இருப்பவர்கள் டாக்டர் எங்கே என்று கேட்கிறார்கள், கீழே போயிருக்கிறார் என்று நர்ஸ்கள் சொல்கிறார்கள். மற்ற டாக்டர்கள் யாரும் இறங்குவதில்லை. அவர் விடுப்பில் இருக்கிற நாளில் வரிசையை யாரும் பார்ப்பதில்லை, மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.

தரகர் அறைக்குப் போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். கண் பார்வைச் சான்றிதழ் வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் படித்துக் காட்டினார். தரகர் அவரைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"கண்ணுக்குத்தானே சார் வந்தேன்?"

"படுங்க."

வயிற்றில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன சார், ஆம்பளப் புள்ளையா பொம்பளப் புள்ளையா?" என்றார் டிரைவர்.

தரகர் சிரிக்கவில்லை. உள்ளங்கை வியர்த்து, அந்த ஆளின் பனியனில் ஈரமாகப் பதிந்தது. ஒன்றுமில்லை. நல்ல, கொழுத்த, அமைதியான வயிறு. எழுந்திருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"இதை யாருகிட்ட சார் கொடுக்கணும்?"

இடதுபக்கம் மூணாவது ஜன்னல் என்று சொன்னால் போதும். தரகர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். காத்திருந்தவர்கள் முனகினார்கள். டிரைவரை நடத்திக்கொண்டு மூன்றாவது ஜன்னல்வரை போய், உள்ளே இருந்த குமாஸ்தா காகிதத்தைக் கையில் வாங்குகிறவரை பக்கத்தில் நின்றார். டாக்டருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். நிற்கட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இறந்துபோன டிரைவரின் மனைவி அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அவருக்குப் பதில் கிடைத்துவிட்டதா, கிடைத்தது போதவில்லையா, பதிலைக் கொண்டுபோய் யாரிடம் சொன்னார், ஒன்றும் தெரியாது. தரகர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் விசாரிக்கிறார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றின் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார். சொல்வதற்கு யாரும் இல்லை.